அண்டை நாட்டு அறமன்றம்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் பாம்பனில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

இலக்கிய விழாவில் ஆப்பிரிக்க நாடுகளின் நீதிமன்றங்களைப் பற்றி ஓர் உரை எதற்கு என்று அவையோரில் சிலர் எண்ணக்கூடும். பாம்பன் பாலத்தின் மறுமுனையில் மண்டபம் முகாம் இருக்கிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற கூலித் தொழிலாளரை நோய்த் தடுப்புக்காக நிறுத்தி வைத்த அந்த இடம், 1983 ஆம் ஆண்டு முதல் அங்கிருந்து உயிர் தப்பி வந்தவர்களின் முதல் தங்குமிடமாயிற்று. தனுஷ்கோடியின் மணல்திட்டுகளில் இறக்கிவிடப்பட்டுக் கைக்குழந்தையோடு கரையேறியவர்களுக்குச் சோறும் துணியும் தந்தவர்கள் இவ்வூர்களின் மக்களே. அவ்வாறு வந்தவர்களுள் பலர் தம் கண்முன் நிகழ்ந்த கொலைகளுக்குச் சாட்சிகள். அவர்களுடைய சாட்சியத்தை எந்த மன்றம், எந்த ஊரில், எந்த மொழியில் கேட்கும் என்ற வினா நாற்பது ஆண்டுகளைக் கடந்தும் விடையின்றி நிற்கிறது. அவ்வினாவோடு போராடி, சில இடங்களில் வென்றும் சில இடங்களில் தோற்றும் அனுபவம் பெற்ற கண்டம் ஆப்பிரிக்கா. ஆதலால் அக்கண்டத்தின் பட்டறிவு இக்கரைக்கு அயலானதன்று.

அரசனும் அறமும்

தமிழ் இலக்கியத்தில் தலைசிறந்த நீதிமன்றக் காட்சி மதுரையில் நிகழ்கிறது. விசாரணையின்றிக் கொல்லப்பட்ட கணவனுக்காகக் கண்ணகி, கொல்லச் சொன்ன அரசனின் அவைக்கே செல்கிறாள். அவள் கையில் சான்று இருக்கிறது. தன் சிலம்பின் பரல் மாணிக்கம், அரசியின் சிலம்பின் பரல் முத்து. சிலம்பு உடைகிறது, உண்மை வெளிப்படுகிறது, நெடுஞ்செழியன் தன் பிழையை உணர்ந்து அரியணையிலேயே உயிர் விடுகிறான். இக்காட்சியில் இரண்டு நிபந்தனைகள் ஒருங்கே நிறைவேறுகின்றன. மன்றம் குற்றம் நிகழ்ந்த ஊரிலேயே இருக்கிறது. மன்றத்தின்முன் அரசனுக்கு விலக்கு இல்லை.

ஆனால் எல்லா அரசர்களும் நெடுஞ்செழியனைப் போல் நாணி உயிர்விடுவதில்லை. பிழை செய்த அரசன் நாணாதபோது என்ன செய்வது என்பதே இருபதாம் நூற்றாண்டு பன்னாட்டுக் குற்றவியல் நீதி என்ற பெயரில் எழுப்பிய வினா. 1945 இல் நூரம்பெர்க்கிலும் 1946 இல் டோக்கியோவிலும் போரில் தோற்றவர்களின் தலைவர்கள் குற்றக் கூண்டில் நிறுத்தப்பட்டார்கள். டோக்கியோவில் அமர்ந்த நீதிபதிகளுள் ஒருவரான வங்காளத்தின் இராதாவினோத் பால், குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் விடுவிக்கவேண்டும் என்று 1948 இல் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். வென்றவர் தோற்றவரை விசாரிப்பது சட்டமாகாது என்பது அவரது வாதத்தின் உயிர்நாடி. வலியவரின் குற்றம் ஏன் விசாரிக்கப்படவில்லை என்ற அந்த ஆசியக் குரலே அரை நூற்றாண்டுக்குப் பின் ஆப்பிரிக்காவிலிருந்தும் ஒலித்தது.

அரூசா: சொல்லும் சாட்சி

1994 ஏப்ரல் முதல் ஜூலை வரையிலான ஏறத்தாழ நூறு நாட்களில் ருவாண்டாவில் துட்சி இனத்தவரும் அவர்களைக் காக்க முனைந்த ஹுட்டுக்களும் கொன்று குவிக்கப்பட்டனர். மாண்டோர் எட்டு லட்சம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அவ்வாண்டு நவம்பரில் ஐ.நா. பாதுகாப்பு அவை ஒரு தனி நீதிமன்றத்தை அமைத்தது. அதன் இருப்பிடம் ருவாண்டாவில் இல்லை. அண்டை நாடான தான்சானியாவின் அரூசா நகரில் அது அமைந்தது. அப்போது பாதுகாப்பு அவையில் இடம்பெற்றிருந்த ருவாண்டா அத்தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்தது. மன்றம் எங்கே இருக்கவேண்டும் என்ற சிக்கல் அதன் பிறப்பிலேயே தொடங்கிவிட்டது.

அம்மன்றத்தில் நீதிபதியாக அமர்ந்தவருள் ஒருவர் நவநீதம் பிள்ளை. 1860 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழர்களின் வழித்தோன்றல்கள் வாழும் டர்பன் நகரில், 1941 இல், ஒரு பேருந்து ஓட்டுநரின் மகளாகப் பிறந்தவர். நிறவெறி ஆட்சியில் 1967 இல் தனியாக வழக்கறிஞர் அலுவலகம் தொடங்கியவர். ழான் போல் அக்காயேசு என்ற நகரத் தலைவரின் வழக்கை விசாரித்த மூவருள் அவர் ஒருவரே பெண்.

அவ்வழக்கின் குற்றப்பத்திரிகையில் முதலில் வன்புணர்வு இடம்பெறவே இல்லை. கொலைகளைப் பற்றிச் சொல்ல வந்த பெண்கள், கேட்கப்பட்டபோது, தமக்கும் தம் பெண்மக்களுக்கும் நேர்ந்ததையும் சொன்னார்கள். 1997 ஜூனில் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. 1998 செப்டம்பர் 2 ஆம் நாள் வழங்கப்பட்ட தீர்ப்பு, ஓர் இனத்தை அழிக்கும் நோக்கோடு செய்யப்படும் வன்புணர்வும் இனப்படுகொலையே என்று உலகில் முதன்முறையாக வரையறுத்தது. கேட்கும் இடத்தில் ஒரு பெண் அமர்ந்திருந்தது அந்தச் சட்ட வரலாற்றில் சிறிய செய்தி அன்று.

இலக்கியம் பயில்வோர் கருதத்தக்க மற்றொரு செய்தியும் அத்தீர்ப்பில் உண்டு. சாட்சிகள் ருவாண்டா மொழியில் பேசினார்கள். நீதிபதிகள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் கேட்டார்கள். வன்புணர்வைக் குறிக்கச் சாட்சிகள் கையாண்ட சொற்களில் பல இடக்கரடக்கல்கள். உடன் படுத்தல் என்ற பொருளுடைய சொல்லும் அவற்றுள் ஒன்று. மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே பெயர்த்திருந்தால் குற்றமே மறைந்துபோயிருக்கும். எனவே மன்றம் அம்மொழியறிஞர் ஒருவரை வரவழைத்து, ஒவ்வொரு சொல்லும் எந்தச் சூழலில் என்ன பொருள் தரும் என்று கேட்டறிந்தது. துட்சிகளைக் கரப்பான்பூச்சி என்று குறித்த சொல் எவ்வாறு கொலைக்கு அழைப்பாயிற்று என்பதையும் ஆராய்ந்தது. சொற்பொருளாராய்ச்சி அங்கே உயிர்ச் சிக்கலாக நின்றது.

2003 டிசம்பரில் நவநீதம் பிள்ளையின் தலைமையில் வழங்கப்பட்ட ஊடக வழக்கின் தீர்ப்பு இன்னும் ஒரு படி மேலே சென்றது. வெறுப்பைப் பரப்பிய ஒரு வானொலியின் நிறுவனர் இருவரும் ஓர் இதழின் ஆசிரியரும் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டனர். மேல்முறையீட்டில் 2007 இல் சில குற்றங்கள் தள்ளப்பட்டு, தண்டனை முப்பது முதல் முப்பத்தைந்து ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. எனினும் எழுதுகோலும் ஒலிவாங்கியும் கொலைக் கருவியாகலாம் என்ற முடிபு நிலைத்தது. எழுதுவோரும் பேசுவோரும் கூடும் அவைகள் அதை நினைவிற் கொள்வது நலம்.

அரூசா மன்றம் 2015 டிசம்பர் 31 அன்று மூடப்பட்டபோது 93 பேர்மீது குற்றம் சாட்டியிருந்தது. இருபதாண்டுப் பணிக்கு அது குறைந்த எண்ணிக்கை. ருவாண்டாவின் சிற்றூர்களில் வாழ்ந்த கைம்பெண்களுக்கு அரூசா எட்டாத தொலைவு. தீர்ப்புகள் அவர்களுடைய மொழியில் அவர்களுடைய முற்றத்தை அடைய வெகுநாளாயிற்று.

புல்தரை மன்றம்

அந்தத் தொலைவை வேறு வழியில் குறைக்க ருவாண்டா முயன்றது. கச்சாச்சா என்பது அந்நாட்டு மரபில் ஊரார் புல்தரையில் கூடி வழக்குத் தீர்க்கும் முறை. தமிழ்நாட்டின் ஆலமரத்தடி மன்றத்துக்கு ஒப்பானது. சிறைகள் லட்சத்துக்கும் மேற்பட்ட கைதிகளால் நிரம்பி வழிந்த நிலையில், 2001 இல் சட்டம் இயற்றி அம்முறையைப் புதுப்பித்தார்கள். 2005 முதல் 2012 வரை நாடெங்கும் ஏறத்தாழ 12,000 ஊர் மன்றங்கள் கூடின. ஊராரே தேர்ந்தெடுத்த நடுவர்கள் பத்தொன்பது லட்சத்தை ஒட்டிய வழக்குகளைத் தீர்த்தார்கள். கொன்றவன் குற்றத்தை ஒப்புக்கொண்டு, உடல் எங்கே புதைக்கப்பட்டது என்று காட்டினால் தண்டனை குறைந்தது. பலருக்குத் தம் உற்றாரின் எலும்பாவது கிடைத்தது இவ்வழியில்தான்.

அதன் குறைகளும் சிறியவை அல்ல. குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞர் இல்லை. பகை தீர்க்கப் பொய்ச்சாட்சி சொன்னவர்கள் இருந்தார்கள். உண்மை சொன்ன சாட்சிகள் சிலர் கொல்லப்பட்டார்கள். இவற்றினும் பெரிய குறை ஒன்று உண்டு. போரில் வென்று ஆட்சியமைத்த படையினர் செய்த கொலைகள் இம்மன்றங்களின் வரம்புக்குள் கொண்டுவரப்படவில்லை. அருகாமை என்ற முதல் நிபந்தனை நிறைவேறியது. விலக்கின்மை என்ற இரண்டாம் நிபந்தனை நிறைவேறவில்லை.

டக்கார்: ஆப்பிரிக்காவின் பெயரால்

இரண்டு நிபந்தனைகளும் ஓரளவு ஒருங்கே நிறைவேறிய வழக்கு செனகல் நாட்டின் தலைநகரான டக்காரில் நடந்தது. சாட் நாட்டை 1982 முதல் 1990 வரை ஆண்ட இசேன் ஆப்ரே, ஆட்சி கவிழ்ந்ததும் செனகலில் தஞ்சம் புகுந்தார். அவருடைய ஆட்சியில் நாற்பதாயிரம் பேர் வரை மாண்டிருக்கலாம் என்று அந்நாட்டு விசாரணை ஆணையம் 1992 இல் மதிப்பிட்டது. பிரெஞ்சுக்காரர் காலத்து நீச்சல்குளம் ஒன்றை மேல்தளம் போட்டு நிலவறைச் சிறையாக்கியிருந்தார்கள்.

அச்சிறைக் கொடுமையில் ஈராண்டுக்கு மேல் உழன்று பிழைத்தவருள் ஒருவர் சுலைமான் கெங்கெங் என்ற கணக்கர். உயிரோடு வெளியே போனால் இக்கொடுமைக்கு நீதி கேட்பேன் என்று சிறையிலேயே சூளுரைத்தவர். விடுதலையானதும் அவர் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு தம்மைப் போல் துன்புற்றோரைத் தேடிச் சென்றார். அவரும் தோழர்களும் 792 பேருடைய வாக்குமூலங்களை எழுதி வாங்கினார்கள். பழைய ஆட்சியின் ஆட்கள் புதிய ஆட்சியிலும் பதவியில் இருந்தமையால் அத்தாள்களை அவர் ஆண்டுக்கணக்கில் மறைத்து வைத்துக் காத்தார். பின்னர் 2001 இல், ஆப்ரேயின் இரகசியக் காவல்துறை கைவிட்டுச் சென்ற அலுவலகத்தில் ஆயிரக்கணக்கான ஆவணங்கள் கேட்பாரற்றுக் கிடந்தது கண்டறியப்பட்டது. சிறையில் இறந்தோர் அல்லது கொல்லப்பட்டோர் 1,208 பேரின் பெயர்கள் அவற்றில் இருந்தன. துன்புற்றோர் எழுதிவைத்ததும் துன்புறுத்தியோர் எழுதிவைத்ததும் ஒன்றையொன்று உறுதி செய்தன.

சான்று கிடைத்தபின்னும் மன்றம் கிடைக்கவில்லை. 2000 இல் டக்காரில் தொடுக்கப்பட்ட வழக்கு, ஆள்வரை இல்லையென்று தள்ளுபடியாயிற்று. துன்புற்றோர் பெல்ஜியத்துக்குச் சென்றார்கள். எந்த நாட்டில் நிகழ்ந்த கொடுங்குற்றமானாலும் விசாரிக்கலாம் என்ற சட்டத்தின்கீழ் அந்நாடு 2005 இல் ஆப்ரேயை ஒப்படைக்குமாறு கேட்டது. ஆப்பிரிக்கத் தலைவர் ஒருவரை ஐரோப்பாவுக்கு அனுப்புவதா என்ற தன்மானக் கேள்வி அப்போதுதான் எழுந்தது. 2006 ஜூலையில் ஆப்பிரிக்க ஒன்றியம் செனகலை நோக்கி, ஆப்பிரிக்காவின் பெயரால் நீயே விசாரி என்று பணித்தது. செனகல் மேலும் காலம் கடத்தியது. விசாரி, அல்லது ஒப்படை என்று 2012 ஜூலை 20 இல் பன்னாட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு ஆட்சி மாறியிருந்தது. செனகலும் ஆப்பிரிக்க ஒன்றியமும் ஓர் உடன்படிக்கை செய்து, செனகல் நாட்டு நீதிமன்றங்களுக்குள்ளேயே ஆப்பிரிக்கச் சிறப்பு அறைகள் என்ற அமர்வுகளை அமைத்தன.

2015 ஜூலையில் விசாரணை தொடங்கியது. தலைமை நீதிபதி புர்க்கினா ஃபாசோ நாட்டவர். உடன் அமர்ந்தவர்கள் செனகல் நாட்டவர். மன்றத்தை ஏற்கமாட்டேன் என்று ஆப்ரே வாய்திறக்க மறுத்தார். அவரைத் தூக்கிவந்து இருக்கையில் அமர்த்தினார்கள். சாட்சி சொன்ன 93 பேரில் பெரும்பாலோர் துன்புற்றோரே. அவர்களுள் ஒருவராகக் கெங்கெங்கும் நின்றார். 2016 மே 30 இல் வாழ்நாள் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2017 ஏப்ரலில் மேல்முறையீட்டு அமர்வு தண்டனையை உறுதிசெய்தது. ஒரு நாட்டின் நீதிமன்றம் மற்றொரு நாட்டின் முன்னாள் தலைவரை மானுடத்துக்கு எதிரான குற்றங்களுக்காக விசாரித்துத் தண்டித்தது வரலாற்றில் அதுவே முதன்முறை. ஆப்ரே 2021 ஆகஸ்டில், தண்டனைக் காலத்திலேயே இறந்தார்.

வெற்றியின் ஓரத்தில் ஒரு கறையும் உண்டு. ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் தரப்படவேண்டிய இழப்பீடு பல ஆண்டுகள் கைக்கு வந்து சேரவில்லை. காத்திருந்தே பலர் கண்மூடினர். தீர்ப்பு வேறு, நிறைவு வேறு என்பதை டக்காரும் காட்டிற்று.

அருகாமையின் மறுபக்கம்

அண்டை நாட்டார் கூடி நீதி வழங்கலாம் என்றால், அண்டை நாட்டார் கூடிக் குற்றவாளியைக் காக்கவும் செய்யலாம். ஆப்பிரிக்காவின் பட்டறிவு இதையும் மறைக்கவில்லை.

1998 ஜூலையில் ரோம் நகரில் வரையப்பட்ட உடன்படிக்கையின்கீழ்ப் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் 2002 முதல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் இயங்குகிறது. ஆப்பிரிக்க நாடுகள் அதைப் பெரும் எண்ணிக்கையில் வரவேற்றன. உகாண்டா, காங்கோ, மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு ஆகியவை தம் வழக்குகளைத் தாமே அனுப்பிவைத்தன. ஆனால் 2009 மார்ச்சில் சூடானின் ஆட்சித் தலைவர் அல் பஷீர்மீது கைதாணை பிறந்ததும் காற்றின் திசை மாறியது. அக்கைதில் ஒத்துழைப்பதில்லை என்று ஆப்பிரிக்க ஒன்றியம் அவ்வாண்டே முடிவெடுத்தது. ஹேக் மன்றம் முதற் பத்தாண்டில் குற்றம் சாட்டியோர் அனைவரும் ஆப்பிரிக்கர்களே என்பது உண்மை. வல்லரசுகளின் போர்கள் தொடப்படவில்லை என்பதும் உண்மை. இராதாவினோத் பால் எழுப்பிய வினா அங்கே மறுபிறவி எடுத்தது நியாயமே.

ஆனால் அந்த நியாயமான வினாவுக்கு ஆட்சியாளர்கள் கண்ட விடை யாது? 2014 ஜூனில் எக்குவடோரியல் கினியாவின் மலாபோ நகரில் கூடி, ஆப்பிரிக்காவுக்கென்றே ஒரு குற்றவியல் நீதிமன்றம் அமைக்க ஓர் ஒப்பந்தம் வரைந்தார்கள். அதன் குற்றப்பட்டியல் ரோம் உடன்படிக்கையினும் விரிந்தது. கூலிப்படை அமர்த்துதல், ஊழல், நச்சுக் கழிவைக் கொண்டுவந்து கொட்டுதல், இயற்கை வளக் கொள்ளை, சட்டத்துக்கு மாறாக ஆட்சியைக் கவிழ்த்தல் ஆகியனவும் குற்றங்களாயின. அயலார் சுரண்டலால் நலிந்த கண்டத்துக்கு ஏற்ற பட்டியல்தான். எனினும் அதே ஒப்பந்தத்தின் ஒரு பிரிவு, பதவியில் இருக்கும் அரசுத் தலைவர்கள்மீதும் மூத்த அலுவலர்கள்மீதும் வழக்குத் தொடரலாகாது என்று விலக்குரிமை வழங்கியது. ஒரு கையால் கதவைத் திறந்து மறுகையால் அரியணைக்கு வேலியிட்டார்கள். நடைமுறைக்கு வரப் பதினைந்து நாடுகளின் ஏற்புறுதி வேண்டும். பத்தாண்டு கடந்த 2024 இலும் அந்த எண்ணிக்கை எட்டப்படவில்லை.

விலக்குரிமை என்னும் சொல் மீன்பிடிக் கரைகளுக்குப் புதியதன்று. 2012 பிப்ரவரி 15 இல் கேரளக் கடற்பரப்பில் இத்தாலியக் கப்பல் ஒன்றிலிருந்த கடற்படையினர் இரு மீனவர்களைச் சுட்டுக் கொன்றனர். அவருள் ஒருவர் தமிழ்நாட்டவர். எட்டாண்டு வழக்காடியபின், அவர்கள் தம் அரசின் பணியில் இருந்தமையால் விலக்குரிமை உடையவர்கள், இந்தியாவில் விசாரிக்க இயலாது, இழப்பீடு தரப்படவேண்டும் என்று 2020 இல் பன்னாட்டு நடுவர் மன்றம் கூறியது. 2021 இல் பத்துக் கோடி ரூபாய் இழப்பீட்டோடு இந்திய உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்தது. வலைவீசச் சென்று மீளாதவனின் வீட்டில் அச்சொல்லுக்கு என்ன பொருள் என்பதைக் கடலோர மக்களுக்கு விளக்கத் தேவையில்லை.

பாக் நீரிணையின் இரு கரைகள்

இனி, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் வரை முப்பது கிலோமீட்டரை ஒட்டிய அந்தக் கடலுக்கு வருவோம். ஐரோப்பாவுக்கும் அமெரிக்கக் கண்டத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் வட்டார மனித உரிமை நீதிமன்றங்கள் உண்டு. ஆசியாவுக்கு இல்லை. 1985 இல் தோன்றிய சார்க் அமைப்புக்கு அத்தகைய மன்றமும் இல்லை, ஆணையமும் இல்லை. இந்தியாவும் இலங்கையும் ரோம் உடன்படிக்கையில் சேரவில்லை. ஆகவே 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்த போரின் குற்றங்களைக் கேட்க அண்டையில் ஒரு கதவும் இல்லாது போயிற்று.

அந்நிலையில் வந்து சேர்ந்தது ஆப்பிரிக்காவின் பட்டறிவே. ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த மூவர் குழுவில், தென்னாப்பிரிக்க உண்மை மற்றும் இணக்க ஆணையத்திலும் சியாரா லியோனின் உண்மை ஆணையத்திலும் பணியாற்றிய யாஸ்மின் சூக்கா இடம்பெற்றார். இறுதிக் கட்டத்தில் நாற்பதாயிரம் வரையிலான பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்று 2011 இல் அக்குழு கூறியது. ருவாண்டா வழக்கில் அமர்ந்த நவநீதம் பிள்ளையே 2008 முதல் 2014 வரை ஐ.நா. மனித உரிமை ஆணையராக இருந்து, 2013 ஆகஸ்டில் இலங்கைக்குச் சென்றார். தமிழர் என்பதாலேயே அவரது நடுநிலையை ஐயுற்றோர் அங்கே இருந்தனர். அரூசாவில் அவர் எழுதிய தீர்ப்புகளே அந்த ஐயத்துக்கு விடை.

அவர் காலத்தில் தொடங்கிய விசாரணையின் அறிக்கை 2015 செப்டம்பரில் வெளிவந்தது. உள்நாட்டு நீதிபதிகளும் அயல்நாட்டு நீதிபதிகளும் சேர்ந்தமரும் கலப்பு நீதிமன்றம் வேண்டும் என்பது அதன் பரிந்துரை. அடுத்த மாதமே மனித உரிமை அவையில், காமன்வெல்த் மற்றும் பிற அயல்நாட்டு நீதிபதிகளின் பங்கேற்பைக் குறிப்பிடும் தீர்மானத்தை இலங்கை அரசே உடன்முன்மொழிந்தது. டக்காரில் நடந்தது போன்ற ஒரு மன்றம் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ கூடும் என்ற நம்பிக்கை அப்போது பிறந்தது. மன்றம் அமைக்கப்படவில்லை. 2020 பிப்ரவரியில் இலங்கை அந்த உடன்பாட்டிலிருந்து விலகியது. அதன்பின் 2021 மார்ச்சில் நிறைவேறிய தீர்மானம், என்றேனும் ஒருநாள் மன்றம் அமையும் என்ற எண்ணத்தில், சான்றுகளைத் திரட்டிப் பாதுகாக்கும் பணியை ஐ.நா. அலுவலகத்துக்கு அளித்தது. அத்தீர்மானத்தின்மீது இந்தியா வாக்களிக்காது விலகி நின்றது.

அத்தகைய மன்றம் அமைந்தால் அது எவருக்கும் விலக்களிக்கலாகாது. அரச படைகளின் செயல்களோடு, 1990 அக்டோபரில் வடபகுதி முஸ்லிம்களை வெளியேற்றியதும் சிறுவரைப் படையில் சேர்த்ததுமான விடுதலைப் புலிகளின் செயல்களும் அதன்முன் வரவேண்டும். 1987 முதல் 1990 வரை அங்கிருந்த இந்திய அமைதிப் படைமீதான குற்றச்சாட்டுகளும் வரவேண்டும். தம் தரப்பின் குற்றத்தை மட்டும் மறைக்கும் மன்றத்தால் வரும் கேட்டை ருவாண்டாவின் புல்தரை காட்டிவிட்டது.

இதற்கான மனவளம் இக்கடலின் இரு கரைகளிலும் இல்லாமல் இல்லை. கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணி அடிக்க, தன் மகனையே தேர்க்காலில் இட்ட சோழனின் கதை திருவாரூரில் வழங்குகிறது. அதே கதையை, அனுராதபுரத்தில் ஆண்ட எல்லாளன்மீது ஏற்றிச் சொல்கிறது சிங்களரின் வரலாற்று நூலான மகாவம்சம். எதிரியாக வந்த தமிழ் மன்னனையும் நீதி தவறாதவன் என்று அந்நூல் பதிவு செய்தது. மதுரையில் அரசனை எதிர்த்து வழக்குரைத்த கண்ணகியோ பத்தினித் தெய்வமாகச் சிங்கள பௌத்தராலும் வழிபடப்படுகிறாள். அரசனுக்கும் விலக்கில்லை என்னும் அறம் மேற்கிலிருந்து இறக்குமதியானது என்று சொல்வோருக்கு இக்கதைகளே மறுமொழி. இரு கரையினரும் பொதுவாகப் போற்றும் ஓர் அறத்தின்மீது பொதுவான மன்றம் ஒன்று எழ முடியாதது ஏன் என்பதே சிந்திக்கத்தக்கது.

எழுதிவைக்கும் கடமை

மன்றம் அமைப்பது அரசுகளின் வேலை. சான்று அழியாமல் காப்பதோ, கெங்கெங் காட்டியதுபோல், எழுதத் தெரிந்த எவரும் செய்யக்கூடிய வேலை. 792 வாக்குமூலங்கள் எழுதப்பட்டபோது டக்கார் மன்றம் யாருடைய கனவிலும் இல்லை. முதற் சொல் எழுதியதற்கும் தீர்ப்பு வந்ததற்கும் இடையே கால் நூற்றாண்டு கடந்தது. எழுதாது விட்டிருந்தால் மன்றம் அமைந்த நாளில் கேட்க எதுவும் இருந்திராது.

மண்டபத்திலும் தமிழ்நாட்டின் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களிலும் வாழ்ந்த முதல் தலைமுறையினர் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். 1983 இல் முப்பது அகவையில் படகேறியவர் எழுபதைக் கடந்துவிட்டார். அவர்கள் கண்டது, கண்ட நாள், கண்ட இடம், உடனிருந்தோர் ஆகியவை அவர்கள் விரும்பும் அளவுக்கு, அவர்கள் சொன்ன சொற்களிலேயே பதிவாகவேண்டும். சொல்ல விரும்பாதவரின் மௌனம் மதிக்கப்படவேண்டும். பெயர் வெளியிட அஞ்சுவோரின் பெயர் காக்கப்படவேண்டும். கேட்டெழுதுபவர் தம் சொந்த நடையழகை அதில் சேர்க்கலாகாது. மன்னார் வழக்கிலோ வன்னி வழக்கிலோ ஒரு தாய் சொன்ன சொல் செந்தமிழாகத் திருத்தப்பட்டால் அதன் சான்றுத்தன்மை போய்விடும். ஒரு சொல்லின் பொருளறிய அரூசா மன்றம் மொழியறிஞரை அழைத்ததை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். சட்டச் சொற்களுக்கு ஏற்ற தமிழ்ச் சொற்களை உறுதிப்படுத்துவதும், வட்டார வழக்குச் சொற்களுக்குப் பொருள் குறித்துவைப்பதும் இத்தகைய இலக்கிய வட்டங்களால் இயலக்கூடியவை.

பத்தாண்டுகளில் கவியரங்கும் பட்டிமன்றமும் நூல் வெளியீடும் கண்ட ஒரு வட்டம், அடுத்த பத்தாண்டில் ஓர் அலமாரி நிறைய வாக்குமூலங்களைச் சேர்த்து வைத்திருக்குமாயின், அது தமிழுக்குச் செய்யும் தொண்டாகவும் இருக்கும், நீதிக்குச் செய்யும் தொண்டாகவும் இருக்கும். அந்த மன்றம் என்று கூடும் என்பதை எவரும் அறியார். கூடும் நாளில், கண்ணகியின் கையிற் சிலம்பு இருந்ததுபோல், சாட்சியின் கையில் சான்று இருக்கவேண்டும்.